காலண்டருக்குப் பின்னால் ஒரு கம்பிச் சுருள்

எங்கள் வீட்டில் பூட்டு என்ற பொருளே கண்ணில் படக் கூடாது. பட்டால் என் அண்ணன் சுவரில் தலையை மோதிக்கொள்வான். பீரோ சாவியைக்கூட அம்மா முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகி வைத்திருப்பாள். ஒருமுறை தெருக்கதவின் உள்பக்கம் விரல் பருமனில் ஒரு குட்டிப் பூட்டை மாட்டிப் பார்த்தோம். அன்று அவன் நெற்றி கிழிந்து, ஆட்டோ வைத்துக் குரோம்பேட்டைக்குக் கூட்டிப்போய்த் தையல் போட்டோம். "நான் என்ன திருடனாடா?" என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தான். திரும்பி வந்ததும் அந்தப் பூட்டைக் கொண்டுபோய்ச் செம்பாக்கம் ஏரியில் எறிந்தேன்.

பூட்டு இல்லாவிட்டால் அவன் போய்விடுவான். எங்கள் சங்கடம் மொத்தமும் இந்த ஒரு வரிதான். மிச்சமெல்லாம் நான் இதற்காகப் பட்ட பாடு.

அவனைத் தெருவில் பைத்தியம் என்றார்கள். நான் அந்தச் சொல்லை இன்றுவரை அவனுக்குப் போட்டதில்லை. பாரிமுனைப் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன் அவன். எண்பதுகள் முழுக்கத் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, பீச் ஸ்டேஷனில் இறங்கி, சாயங்காலம் அதே வழியாகத் திரும்பி வந்தான். சட்டைப் பையில் சீசன் டிக்கெட் எப்போதும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகும்போதுகூட அதை எடுத்துக்கொண்டுதான் போவான். அப்புறம் தலைக்குள் யாரோ பேசுகிறார்கள் என்றான். வேலை போயிற்று. வேலை போனதால் தலை கெட்டதா, தலை கெட்டதால் வேலை போயிற்றா என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் கோபமாகத்தான் பதில் சொன்னேன். தெரிந்து என்ன ஆகப்போகிறது?

மாத்திரை போட்டால் கொஞ்ச நாள் சாதுவாக இருப்பான். ஆனால் விடிந்ததும் குளித்து, சட்டையை உள்ளே விட்டு, தலை வாரி, "ஆபீசுக்கு நேரமாச்சு" என்று கிளம்பிவிடுவான். ரயிலுக்குப் போக மாட்டான். கால் போன பக்கம் நடப்பான். மேடவாக்கம் தாண்டி, வயலும் மண்ணுமாகக் கிடந்த வழியெல்லாம் நடந்து, பலமுறை கோவளத்தில் அகப்பட்டான். அங்கே படகுகளுக்கு நடுவில் உட்கார்ந்து, ஏலத்தில் விற்ற மீனுக்கெல்லாம் மணலில் விரலால் கணக்கு எழுதிக்கொண்டிருந்தானாம். மீன் விற்கிற ஓர் அம்மா அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து, எங்கள் விலாசத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அதன் பிறகு நான் நேரே அங்கேதான் போய்த் தேடுவேன். கடைசியாக அகப்பட்டபோது உள்ளங்கால் இரண்டும் தோலுரிந்து கிடந்தன. ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகளுக்கு நடுவே அவன் நடந்து போனதைப் பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள். அடுத்த முறை திரும்பி வர மாட்டான் என்று எனக்கு உள்ளுக்குள் உறைத்துவிட்டது.

அப்பா இறந்து ரொம்ப காலம். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். யோசனை சொல்ல மட்டும் ஆட்களுக்குக் குறைவில்லை. தாய்மாமா ஒருநாள் வந்து காபி குடித்துவிட்டு, தெற்கே ஓர் ஊரில் இப்படிப்பட்டவர்களை மரத்தில் சங்கிலியால் கட்டிப்போட்டுக் குணப்படுத்துகிறார்கள், கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடலாம் என்றார். அம்மா தம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனவள் வெளியே வரவில்லை. நான் மாமாவை வாசல் வரை கொண்டுபோய் விட்டேன். மரியாதைக்காக இல்லை; போய்விட்டார் என்று நிச்சயப்படுத்திக்கொள்ளத்தான். பிறகு உள்ளே போய், "சங்கிலியும் கிடையாது, பூட்டும் கிடையாது. நான் வேற வழி பண்றேன்" என்று அம்மாவிடம் சொன்னேன். அப்போது என்னிடம் வழி என்று எதுவும் இல்லை.

வழி கிடைத்தது ஓர் அலுவலகத்தில். நான் கிண்டியில் ஒரு சின்னக் கம்பெனியில் எலக்ட்ரானிக் தராசுகளைப் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் தராசு பார்க்கப் போன ஒரு பெரிய இடத்தில், அதிகாரி ஒருவர் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் பர்ஸைக் காட்டினார். டக்கென்று சத்தம் கேட்டது. கதவு திறந்தது. சாவியும் இல்லை, துவாரமும் இல்லை, பூட்டு இருக்கிற அடையாளமே இல்லை. "ஃபாரின் சாமான். பர்ஸுக்குள்ள ஒரு கார்டு இருக்கு. தொடக்கூட வேணாம், கிட்ட காட்டினா போதும்" என்றார் பெருமையாக. நான் தராசை மறந்துவிட்டு அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தச் சாமானை வாங்கும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனால் அதன் சூட்சுமம் புரிந்தது. கதவில் ஒரு கம்பிச் சுருள், அதாவது ஒரு காயில், ஒரே சுருதியில் அதிர்ந்துகொண்டிருக்க வேண்டும். அதே சுருதிக்குத் தயார் செய்த இன்னொரு சுருளைப் பக்கத்தில் கொண்டுவந்தால், முதல் சுருளின் சக்தியை இது கொஞ்சம் குடித்துவிடும். மீட்டர் முள் இறங்கும். முள் இறங்கினால் ரிலே சுவிட்ச் விழும், தாழ் விலகும். கார்டுக்குள் பேட்டரிகூட வேண்டாம். சுருளும், அதைச் சுருதி சேர்க்கிற ஒரு சின்னக் கண்டென்சரும் போதும். அந்த அதிகாரியின் கார்டுக்குள் இதைவிட நூறு மடங்கு சாமர்த்தியம் இருந்திருக்கும். எனக்கு அவ்வளவு தேவையில்லை. என் கதவுக்குத் தெரிய வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: வந்திருப்பது அண்ணனா, அண்ணன் இல்லையா?

ரிச்சி தெருவில் எனாமல் கம்பியும் டிரான்சிஸ்டர்களும் வாங்கினேன். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், ஏதோ பழைய இயந்திரத்திலிருந்து கழற்றிய மின்காந்தத் தாழ் ஒன்று அகப்பட்டது. ஸ்கூட்டர் பேட்டரி ஒன்று இருந்தது. கரண்ட் போனாலும் அது பார்த்துக்கொள்ளும். சாப்பாட்டு மேஜை என் பட்டறை ஆயிற்று. அம்மா தட்டுகளைத் தரையில் வைத்துப் பரிமாறினாள். ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.

சுருள் சுற்றும்போது அண்ணன் எதிரே வந்து உட்கார்ந்துகொண்டான்.

"என்னடா பண்றே?"

"ரேடியோ, அண்ணா."

"பாட்டு வருமா?"

"வரும்."

"கம்பியைக் குடு. நீ எண்ணினா தப்பு வரும்."

உண்மைதான். எண்ணுவதில் அவனை மிஞ்ச முடியாது. ஒரு பிளாஸ்டிக் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நான் கம்பியை விட, அவன் ஒவ்வொரு சுற்றாகச் சுற்றி வாய்விட்டு எண்ணினான். நடுவில் அம்மா கூப்பிட்டால் விரலை அந்தச் சுற்றின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டு, "இரும்மா, கணக்கு போயிடும்" என்பான். அந்த நாட்களில் அவன் ஆபீசுக்குக் கிளம்பவே இல்லை. நான் செய்வது இன்னதென்று தெரியாமல், தன்னை உள்ளே வைக்கப்போகிற சுருளை அவனே பார்த்துப் பார்த்துச் சுற்றினான். நான் அவன் முகத்தைப் பார்க்காமல் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் எல்லாம் சொதப்பியது. மின்விசிறி ஓடினால் முள் ஆடியது. யாரோ தெருவில் டி.வி. போட்டால் ஆடியது. அம்மா வளையல் கையோடு பக்கத்தில் வந்தால் ஆடியது. நான் காயிலைத் திட்டினேன், மின்வாரியத்தைத் திட்டினேன், என்னைப் படிக்க வைத்த பாலிடெக்னிக்கைத் திட்டினேன். அண்ணன் மட்டும் தினமும் பொறுமையாக, "பாட்டு வந்துதா?" என்று கேட்டான். ஒருநாள் சாயங்காலம், நான் கையிலிருந்த சின்னச் சுருளைப் பெரிய சுருளுக்குக் கிட்டே கொண்டுபோனதும் முள் இறங்கியது, விலக்கியதும் ஏறியது. மறுபடி இறங்கியது, மறுபடி ஏறியது. சந்தோஷத்தில் அண்ணனைக் கட்டிக்கொண்டேன். அவனும் காரணம் கேட்காமல் என்னைக் கட்டிக்கொண்டான்.

பெரிய சுருளைத் தெருக்கதவின் உள்பக்கத்தில் பொருத்தினேன். மரக் கதவுதான், அதனால் வெளியிலிருந்தும் மரத்தை ஊடுருவி வேலை செய்தது. சுருள் தெரியாமலிருக்க மளிகைக்கடை காலண்டரை அதன் மேல் மாட்டினேன். முருகன் படம் போட்ட தினசரிக் காலண்டர். இதில் ஒரு சௌகரியம் இருந்தது. வெளியே கிளம்புகிறவர்கள் சாமி படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவது எங்கள் வீட்டு வழக்கம். கார்டைக் கைக்குள் வைத்துக்கொண்டு படத்தைத் தொட்டால் போதும், தாழ் சத்தமில்லாமல் விலகிவிடும். பார்க்கிறவருக்குக் கும்பிட்டுவிட்டுக் கிளம்புவதாகத்தான் தெரியும். பின்கதவை அலமாரி வைத்து அடைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவன் போகவில்லை. காலையில் கதவை இழுத்துப் பார்ப்பான், வராது. பூட்டு எதுவும் கண்ணில் படாததால் கோபம் வரவில்லை. ஆனால் அவன் கண் கூர்மையானது. எங்கள் கையில் எதுவோ இருப்பதைப் பார்த்துவிட்டான். கார்டுகளை நான் பழைய சீசன் டிக்கெட் உறைகளில்தான் போட்டு வைத்திருந்தேன்.

"எனக்கு பாஸ் இல்லையா?" என்று கேட்டான்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அவனுக்கும் ஒன்று செய்து கொடுத்தேன். அதே அட்டை, அதே சுருள், அதே உறை. கண்டென்சர் மட்டும் வைக்கவில்லை. அது இல்லாவிட்டால் வெறும் கம்பிதான். கதவுக்கு அது தெரியாது.

அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் அவன் குளித்து, தலை வாரி, பாஸைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து முருகன் படத்தில் வைத்துக் காத்திருப்பான். கதவை மெல்ல இழுப்பான். வராது. உடனே பாஸைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "இன்னிக்கு செல்லாது போலிருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிவிட்டு வந்து உட்காருவான். சண்டை இல்லை, சத்தம் இல்லை, நெற்றியில் காயம் இல்லை. ஒரு நாளாவது கத்தி ரகளை பண்ண மாட்டானா என்று நான் ஏங்கியிருக்கிறேன். அவன் கத்தியிருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியும். வேலைக்குக் கிளம்பும்போது அவன் பார்க்காத நேரமாகப் பார்த்துப் படத்தைத் தொட்டுவிட்டு வெளியே ஓடிவிடுவேன்.

ஆனாலும் அவன் வீட்டில் இருந்தான். சாப்பிட்டான், தூங்கினான். அவன் செருப்பு வாசலில் கிடந்தது. அம்மா நல்ல தூக்கம் தூங்கினாள். அந்த ஒரு வருஷத்தை நான் எப்படித் திட்டினாலும் அதுதான் எங்கள் நல்ல வருஷம்.

பொங்கல் வந்தது. கதவுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்றாள் அம்மா. வழக்கமாகச் சுண்ணாம்போடு விட்டுவிடுவோம். கதவுக்கு என்ன திடீரென்று என்று நான் கேட்கவில்லை. காயிலையும் காலண்டரையும் கழற்றி வைத்தேன். தாழையும் கழற்றினேன். நான் வேலைக்குப் போன பிறகு பெயிண்டர் வந்து போனார். கதவு பளபளவென்று பச்சையாக நின்றது. பெயிண்ட் கையில் ஒட்டாத அளவு காய்ந்ததும் காயிலை அதே ஆணிகளில் மாட்டி, புது வருஷக் காலண்டரை மேலே தொங்கவிட்டு, என் கார்டை எடுத்துப் படத்தில் வைத்தேன்.

முள் அசையவில்லை.

இன்னொரு முறை வைத்தேன். அம்மாவின் கார்டை வைத்தேன். ஒயரை ஆட்டிப் பார்த்தேன். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து வந்து என் தோளில் கை வைத்தான்.

"உன் பாஸும் செல்லலையா?" என்றான். அவ்வளவு ஆதரவாகக் கேட்டான். "பரவாயில்ல விடு. வா, வந்து உக்காரு. நாளைக்குப் பாக்கலாம்."

நான் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அழுகையை அடக்க முடியவில்லை. அவன் தன் பாஸை எடுத்துக் காட்டி, தனக்கும் ரொம்ப நாளாக இப்படித்தான் இருக்கிறது என்று ஆறுதல் சொன்னான்.

மறுநாள் காயிலை மேஜைக்குக் கொண்டுவந்தேன். மேஜையில் அருமையாக வேலை செய்தது. கதவில் மாட்டினால் செத்துப்போனது. மறுபடி மேஜைக்கு வந்தால் உயிர் பிடித்தது. கண்டென்சரை மாற்றினேன், டிரான்சிஸ்டரை மாற்றினேன், ஒயர் முழுவதையும் மாற்றினேன். சந்தேகம் எல்லாம் என் கைவேலையின் மேல்தான் இருந்தது. அந்தக் கதவு நான் பிறந்ததிலிருந்து பார்த்த கதவு. அதன் மேல் சந்தேகப்பட எனக்குத் தோன்றவில்லை. கடைசியில் பழியைப் பெயிண்டின் மேல் போட்டேன். உள்ளே ஈரம் இருக்கிறது, முழுக்கக் காயட்டும், சரியாகிவிடும் என்று முடிவு கட்டினேன். ஒரு முழம் கீழே இறக்கி மாட்டியிருந்தால் போதும். இதை எழுதும்போதுகூட என் கை அந்த ஒரு முழத்தைக் காற்றில் அளந்து பார்க்கிறது.

நம்ப முடியாத மெஷினை வைத்துத் தாழைப் பூட்டப் பயமாக இருந்தது. உள்ளே நெருப்புப் பிடித்தால் என்ன செய்வார்கள்? அதனால் தாழை மாட்டவில்லை. கதவுக்கு வெறும் கொண்டி மட்டும்தான். பழைய நாட்களில் செய்ததுபோல அம்மா வாசலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. கீரை ஆய்வது, அரிசி பொறுக்குவது எல்லாம் அங்கேயே நடக்கும். முன்பு எத்தனையோ மாதம் அப்படித்தான் ஓட்டினாள்.

"பெயிண்ட் காயற வரைக்கும்தாம்மா. கொஞ்சம் பாத்துக்கோ" என்றேன்.

"நீ ஏண்டா இப்படி அலட்டிக்கறே? அவன் எங்கயும் போக மாட்டான்" என்றாள்.

அப்படி உறுதியாக அம்மா பேசி நான் கேட்டதில்லை. சலிப்பில் சொல்கிறாள் என்று நினைத்தேன். முகத்தில் சலிப்பு இல்லை, தெளிவுதான் இருந்தது. அதையும் பார்த்தேன், பார்த்துவிட்டு வேலைக்குப் போனேன்.

அண்ணன் போனது ஒரு சாதாரணக் கிழமையில், நல்ல வெயில் நேரத்தில். நான் கிண்டியில் ஒரு தராசுக்கு அடியில் குனிந்திருந்தேன். பக்கத்து வீட்டு போனிலிருந்து கூப்பிட்டார்கள். நான் வந்து சேர்ந்தபோது அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்து கிடந்தது.

"சமையல்கட்டுலதான் இருந்தேன்" என்றாள். வாசலில் இல்லாமல் சமையல்கட்டில் உனக்கு என்ன வேலை என்று நான் கத்தினேன். தெருவே கேட்கும்படி கத்தினேன். அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதிரே வேப்ப மரத்தடியில் வண்டி போட்டுத் துணி தேய்க்கிறவர்தான் கடைசியாக அவனைப் பார்த்தவர்.

"உங்க அண்ணன் சும்மா ஷோக்கா டிரஸ் பண்ணிகினு வந்தாரு சார். இன்னா சார், எங்க கெளம்பிட்டீங்கன்னு கேட்டேன். கையில ஒரு அட்டை வெச்சிகினு இருந்தாரு, அத்த எங்கிட்ட காமிச்சாரு. 'பாஸ் செல்லிடுச்சி'ன்னாரு. அப்டி ஒரு சிரிப்பு சார் மூஞ்சில. டாக்டர்தான் போயி வரச் சொல்லி கீறாரு போலன்னு நான் வுட்டுட்டேன். எனக்கு இன்னா சார் தெரியும்?"

அவருக்கு என்ன தெரியும்? அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நான் அங்கேயே இஸ்திரி வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு நடந்தது அப்படியே கண்ணில் தெரிந்தது. அவன் வழக்கம்போல் குளித்திருக்கிறான். பாஸைப் படத்தில் வைத்திருக்கிறான். காத்திருந்துவிட்டுக் கொண்டியை விலக்கி மெல்ல இழுத்திருக்கிறான். கதவு வந்திருக்கிறது. ஒரு வருஷமாகத் திறக்காத கதவு அவன் பாஸுக்குத் திறந்திருக்கிறது. அவன் ஓடிப்போகவில்லை. அனுமதி கிடைத்து, மரியாதையாகக் கிளம்பிப் போயிருக்கிறான்.

அன்றைக்கே கோவளம் போனேன். அந்த மீன்காரம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"இந்தாண்ட வர்ல தம்பி. வந்தா நான் வுட்டுடுவனா?" என்றார். படகுப் பக்கம், கோயில் பக்கம், சர்ச் பக்கம் என்று எங்கும் என்னோடு கூடவே நடந்தார். அப்புறம் தாம்பரம் ஸ்டேஷன், பீச் ஸ்டேஷன், அவன் பழைய ஆபீஸ் இருந்த தெரு. போலீஸ் ஸ்டேஷனில் போட்டோ கொடுத்தேன். ஆஸ்பத்திரிகளில் உயிரோடு இருப்பவர்களைப் பார்த்துவிட்டு, பின்பக்கம் போய் மற்றவர்களையும் பார்த்தேன். ஒவ்வொரு துணியை விலக்கும்போதும் அவனாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். மாதங்கள் போன பிறகு, அவனாக இருந்தாலாவது தேவலை என்று வேண்டிக்கொள்ள ஆரம்பித்தேன். அப்படி வேண்டிக்கொண்ட முதல் நாள் வீட்டுக்கு வந்து சாப்பிட முடியவில்லை.

அவன் கிடைக்கவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை.

மெஷினைத் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டேன். பெயிண்ட் காய்ந்த பிறகாவது வேலை செய்ததா என்று சோதித்துப் பார்க்கக்கூட எனக்கு மனசில்லை. தெருக்கதவை நாங்கள் பகலில் சாத்துவதில்லை. அவன் வந்தால் திறந்திருக்க வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். ஒரு வருஷம் முன்பு அவன் போகாமலிருக்க நான் கதவோடு மல்லுக்கட்டினேன். இப்போது அது காற்றில் அடித்துக்கொள்ளாமலிருக்கக் கல்லை முட்டுக்கொடுத்து வைத்தோம்.

அடுத்த ஜனவரியில் பழைய காலண்டரைக் கழற்றினேன். மழைக்காலத்தில் கதவு ஊறி உப்பி, பெயிண்ட் விரிசல் விட்டிருந்தது. காலண்டர் இருந்த இடத்தில் மட்டும் விரிசல் நேர்கோடாக, சதுரமாக ஓடியது. மரம் தானாக விரிந்தால் சதுரமாக விரியாது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து நெம்பினேன். பெயிண்டர் பூசிய பட்டி பெயர்ந்து விழுந்தது. உள்ளே மரத்தைச் செதுக்கிப் பள்ளம் பண்ணி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செப்புத் தகடு பதித்திருந்தது. கோடுகளும் கட்டங்களும் கீறி, நடுவில் அண்ணனின் பெயரும் நட்சத்திரமும் எழுதியிருந்தது.

நான் பரணிலிருந்து மெஷினை இறக்கினேன். பேட்டரி செத்துவிட்டிருந்தது, வேறொன்றை வைத்து இணைத்தேன். மேஜைமேல் காயிலை வைத்து என் கார்டைக் காட்டினேன். முள் இறங்கியது. தகட்டைக் காயிலுக்கு அடியில் வைத்தேன். மறுபடி கார்டைக் காட்டினேன். முள் அசையவில்லை. தகட்டை எடுத்தேன், இறங்கியது. வைத்தேன், அசையவில்லை. சுருதியில் நிற்கிற காயிலுக்குப் பக்கத்தில் செம்பை வைத்தால் சுருதி கலையும் என்பது எந்தப் பாலிடெக்னிக் மாணவனுக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரிந்த விஷயம்தான்.

நான் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அம்மா ரேஷன் கடையிலிருந்து வந்தாள். என் கையைப் பார்த்தாள். பையைத் தரையில் வைத்துவிட்டு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அஸ்தினாபுரத்துல ஒரு சாமியார் மந்திரிச்சுக் குடுத்தார்" என்றாள். "அவன் படி தாண்டாம இருக்கறதுக்கு. சாமி படத்துக்குப் பின்னாடி கதவுக்குள்ளயே வெச்சுடணும், வெச்சதை யாருக்கும் சொல்லக் கூடாது, சொன்னா பலிக்காதுன்னார். அதான் பெயிண்டரை விட்டுப் பதிக்கச் சொன்னேன். உங்கிட்டகூட சொல்லலை. காவலுக்குத்தான் இது இருக்கேன்னு நம்பித்தாண்டா நான் உள்ளே போயிட்டேன்."

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவன் போகாமலிருக்க நான் ஒன்று செய்தேன். அவன் போகாமலிருக்க அவள் ஒன்று செய்தாள். அதே கதவில், அதே இடத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தோம். அவளுடையது என்னுடையதைக் கொன்றுவிட்டது. மேஜையில் காயில் இருக்கிறது, மீட்டர் இருக்கிறது, அவள் கண்ணெதிரிலேயே வைத்துக் காட்டியிருக்க முடியும். பார், நீ வைத்த தகட்டால்தான் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் அம்மா கேட்டாள்.

"ஒரு வருஷமா மனசுல கெடக்கு. கேட்டா கோவிச்சுக்காதே. தகடு பக்கத்துல கரண்ட் சாமான் எதுவும் ஆகாதுன்னு அவர் அப்பவே சொன்னார். நீ அந்த மெஷினைக் கொண்டு வந்து சரியா அது மேலயே மாட்டினே. நான் சொல்லவும் முடியலை, தடுக்கவும் முடியலை." அவள் குரல் இறங்கிவிட்டது. "அதனாலதான் தகடு பலிக்காம போயிடுச்சாடா?"

மீட்டர் முள் ஏறியபடி நின்றிருந்தது. நான் தகட்டைப் பார்த்தேன். அண்ணன் பெயர் அதில் கோணல் எழுத்தில் இருந்தது.

"ஆமாம்மா" என்றேன். "என் மெஷினாலதான்."

அம்மா எழுந்து வந்தாள். அண்ணன் அன்று வைத்த அதே தோளில் கை வைத்தாள்.

"போடா" என்றாள். "நீ தெரிஞ்சா செஞ்சே?"

பிறகு கீழே விழுந்திருந்த பட்டித் துண்டுகளைப் பொறுக்கிப்போட்டு, புதுக் காலண்டரை எடுத்துத் திறந்திருந்த கதவில் மாட்டிவிட்டு, சோறு வடிக்கப் போனாள்.